ஐந்தாவது கோடு

கையில் ஒட்டிய மிளகாய்த் தூளை எப்படிக் கழுவுவது என்று மஸாஹிராவிடம் கேட்டால் விலாவாரியாகச் சொல்லுவாள். முதலில் தண்ணீர் படக் கூடாது, பட்டால் எரிச்சல் ஏறும். தேங்காய் எண்ணெயை முழங்கை வரை பூசிப் பழைய சாரத் துண்டால் துடைக்க வேண்டும். பிறகு கடலை மா. பிறகு உடுப்புக் கழுவுகிற சவர்க்காரம். தலையை நெஞ்சுக்கு முன்னால் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் முடியில் இருக்கிற தூள் எல்லாம் நெஞ்சுக்கு இறங்கும். நெஞ்சுக்குக் கடைசியாக, புதுத் தண்ணீரில், வேறு துணியால். இவ்வளவும் முடிய அரை மணி. உள்ளே பிள்ளை பசியில் கத்திக்கொண்டிருக்கும்போது அரை மணி என்றால் எவ்வளவு என்பது குழாயடியில் நிற்கிறவளுக்குத்தான் தெரியும். மில் வைத்திருக்கிறவனுக்கு அது எங்கே தெரியப் போகிறது.

மில் பஹ்மியுடையது. கட்டுகஸ்தோட்டைப் பாலம் கடந்து, ஆற்றோரமாகப் போகிற பாதையில், தகரம் போட்ட நீளக் கட்டடம். பின்னால் அரைக்கிற மெசின், முன்னால் எட்டுப் பெண்கள் வட்டமாக இருந்து தூளை அள்ளி, தராசில் போட்டு, பைக்கட்டில் இட்டு, வாயைச் சூட்டுக் கம்பியில் ஒட்டுவார்கள். மல்லித் தூள் அரைக்கிற நாள் பெருநாள் மாதிரி. மிளகாய் அரைக்கிற நாளில் ஒருத்தரும் கதைக்க மாட்டார்கள், வாயைத் திறந்தால் இருமல். வாரத்தில் நாலு நாள் மிளகாய்தான். ஊர் முழுக்க உறைப்புத்தானே கேட்கிறது.

பிள்ளை பெற்று நாற்பது கழிந்த மூன்றாம் நாளே மஸாஹிரா அங்கே போய் உட்கார்ந்தாள். ஆசையில் போனவள் இல்லை. அவள் புருஷன் நிஸாம் மேசன் வேலைக்குக் கையாளாகப் போனவன், அவளுக்கு எட்டு மாதமாக இருக்கும்போது கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டது. வெளியிலிருந்து இரும்புக் கம்பி குத்திக் காலைப் பிடித்து வைத்திருந்தார்கள். கொந்தராத்துக்காரன் இரண்டு தரம் பிஸ்கட் பெட்டியோடு வந்து பார்த்தான். மூன்றாம் தரம் அவனுடைய போன் வேலை செய்யவில்லை. ஆக, கட்டிலில் கிடக்கிற புருஷன், தொட்டிலில் கிடக்கிற பிள்ளை, நடக்கக் கூடிய ஒரே ஆள் மஸாஹிரா. முன்பு தைத்துக்கொண்டிருந்த இடத்தில் கேட்டாள். கைப்பிள்ளைக்காரி அடிக்கடி லீவு கேட்பாள் என்று அவர்கள் கையை விரித்துவிட்டார்கள். பஹ்மி மட்டும்தான் ஒன்றும் கேட்காமல் எடுத்தான். ஒன்றும் கேட்காதவன் ஒன்றும் கொடுக்கவும் மாட்டான். பேர் பதிவு இல்லை, பிரசவ லீவு இல்லை, பால் கொடுக்கப் போய்வர நேரம் இல்லை.

வீட்டிலிருந்து மில்லுக்கு நடந்தால் நாற்பது நிமிடம். பிள்ளையைக் கொண்டுபோகவும் வழியில்லை. அந்தக் காற்றில் பெரியவர்களுக்கே மூச்சு முட்டும்.

முதல் கிழமை பதினொரு மணிக்கே அவளுக்கு நெஞ்சு கல்லாகிவிடும். சட்டை நனையும், நனைந்த இடத்தில் தூள் ஒட்டும், ஒட்டிய இடம் எரியும். பக்கத்தில் இருக்கிற கஜலட்சுமி, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து டவுனில் குடியேறியவள், மூன்று பிள்ளை பெற்றவள். ஒரே பார்வையில் கண்டுபிடித்தாள்.

"ஏ புள்ள, பால் கட்டிருச்சா?"

"ஓ அக்கா. நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஈக்கி."

"போயி பீச்சி விட்டுட்டு வா. ஒன் பைக்கட்ட நா போட்டுக்கறேன்."

"எங்க போய் பீச்சிய? கக்கூஸ்லயா?"

"வேற எங்க? இங்க நமக்கு ரூமு கட்டி வச்சிருக்கானா?"

"கையெல்லாம் தூள் அக்கா. இந்தக் கையால தொட ஏலுமா?"

கஜலட்சுமி தன் கையைப் பார்த்தாள். அதுவும் சிவப்பு. எட்டுப் பேர் கையும் சிவப்பு.

"தோட்டத்துல நாங்க கொழுந்து எடுக்கறப்ப பத்து மணிக்கு ஒருக்கா, மூணு மணிக்கு ஒருக்கா புள்ளக் காம்பராவுக்கு ஓடுவோம். பால் குடுத்துட்டுத்தான் மறுக்கா மலைக்கு ஏறுவோம். கங்காணி கூட வாயத் தொறக்க மாட்டான். அந்தத் தோட்டத்தப் போயி நரகமுன்னு சொல்லிட்டு வந்தேன் பாரு, எம் புத்திய செருப்பால அடிக்கணும்."

அன்றைக்கு மஸாஹிரா கக்கூஸுக்குள் நின்று, சட்டையின் மேலாகவே முழங்கையால் அழுத்திப் பாலை வெளியே எடுத்தாள். பால் சட்டையிலும் சீமெந்திலும் போனது. அழுகை அடக்க முடியாமல் வந்தது. கண்ணைத் துடைக்கவும் கை உதவாது. அப்படியே வடியவிட்டு வந்து மறுபடியும் தராசுக்கு முன்னால் இருந்தாள்.

இப்படி ஒரு மாதம் ஓடியது. காலையில் ஒரு தரம், பின்னேரம் கழுவிக் குளித்து வந்து, படுக்கப் போகும்வரை இரண்டு மூன்று தரம் மகன் ஸாகிக்குப் பால் கொடுத்தாள். பகலுக்கு மாப்பால் போத்தல், நிஸாமின் பொறுப்பில். எப்படியோ சமாளித்துக்கொண்டு போயிருப்பாள். ஆனால் ஒரு திங்கட்கிழமை வந்தது.

அன்றைக்கு ஊர் முழுக்கத் தண்ணீர் வெட்டு. மழை மட்டும் அடித்து ஊற்றியது. தொப்பலாக நனைந்து வந்தவளுக்கு வாசலிலேயே பிள்ளையின் குரல் கேட்டது. தொண்டை கட்டி, காகம் மாதிரிக் கத்திக்கொண்டிருந்தான். நிஸாம் ஊன்றுகோலில் நின்று தொட்டிலை ஆட்டினான்.

"போத்தலத் தள்ளிப் போடுறான். ரெண்டு மணித்தியாலமா இப்படித்தான். கெதியா வாங்க."

வாளியில் ஒரு கோப்பைத் தண்ணீர்தான் இருந்தது. கையைக் கழுவினாள். நெஞ்சையும் ஈரத் துணியால் துடைத்தாள். மழைதான் உடம்பு முழுக்கக் கழுவிவிட்டதே என்று நினைத்தாள். மழை கழுவவில்லை. தலையிலும் துப்பட்டாவிலும் இருந்த தூளை எல்லாம் கரைத்து உள்சட்டைக்குள் இறக்கிவிட்டிருந்தது. அது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. பிள்ளையை எடுத்து நெஞ்சில் வைத்தாள்.

ஸாகி ஆவலோடு இழுத்தான். இரண்டு முறை இழுத்திருப்பான். பிறகு வந்த அலறல் மேல்வீடு வரைக்கும் கேட்டது. உதடும் நாக்கும் இரத்தமாகச் சிவந்து, மூச்சுப் பிடித்து, முகம் நீலம் பாரித்தது. நிஸாம், "என்ன செஞ்சீங்க? யா அல்லாஹ், புள்ளக்கி என்ன செஞ்சீங்க?" என்று கத்தினான். மேலே இருந்து மதினி றிஸானா ஓடிவந்து, பிள்ளையைப் பறித்து, தேங்காய்ப் பாலைத் துணியில் நனைத்து வாயைத் துடைத்துத் துடைத்து ஆற்றினாள்.

வாய் இரண்டு நாளில் ஆறியது. ஆனால் அன்றிலிருந்து ஸாகி உம்மாவின் நெஞ்சைத் தொடவில்லை. பக்கத்தில் கொண்டுபோனாலே தலையைத் திருப்பிக்கொண்டு வில்லாக வளைந்தான். என்ன கழுவியும் என்ன, மிளகாய் வாசம் அவள் தோலுக்குள் ஏறிவிட்டது. பிள்ளை குடிக்காத பால் எத்தனை நாளைக்கு ஊறும்? மூன்றாம் கிழமை மில்லில் சட்டை நனைவது நின்றுவிட்டது. கஜலட்சுமி அதைக் கவனித்தாள்.

இந்த இடத்தில் றிஸானாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் நிஸாமின் மூத்த சகோதரி. அக்காவைத் தாத்தா என்று கூப்பிடுகிற சனம் இது, நிஸாமும் அவளைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான். அவளுடைய மாப்பிள்ளை ஷப்ராஸுக்கு டவுனில் இரும்புச் சாமான் கடை. மேட்டில் பெரிய வீடு அவர்களுடையது. அதிலிருந்து ஏழு படி இறங்கினால் பின்வளவில் இரண்டு அறை வீடு, அதில் நிஸாம் குடும்பம். நிலமும் வீடும் ஷப்ராஸுடையது. வாடகை என்ற பேச்சே கிடையாது. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

றிஸானாவுக்கு நுஹா பிறந்து ஒரு மாதத்தில் ஸாகி பிறந்தான். ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கிய ஷப்ராஸ், "மருமகன் வந்துட்டார்! நுஹாட மாப்பிள வந்துட்டார்!" என்று வார்டே திரும்பிப் பார்க்கச் சிரித்தான். சிரிப்போடு நிற்கவில்லை. பெயர் வைத்த அன்று சொந்தக்காரர் எல்லாருக்கும் முன்னால், பின்வளவு வீட்டை நுஹாவின் சீதனமாக எழுதுவதாகவும், நிஸாம் குடும்பம் அதுவரைக்கும் அங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னான். மாமி பெண்ணும் மாமன் பையனும், முறைதானே. எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். கால் முறிந்த நிஸாமுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை இருந்தது அந்த ஒரு சொல்லில்தான்.

மற்ற விஷயமும் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியின் பாலைக் குடித்த பிள்ளை அவளுக்குப் பிள்ளை. அவள் பெற்றதுகளுக்குச் சகோதரம். சகோதரத்துக்குள் கல்யாணம் ஹராம்.

றிஸானாவுக்குப் பால் மிச்சம். நுஹா ஒரு பக்கம் குடிக்க மறு பக்கம் வடியும். ஷப்ராஸ் கிழமைக்கு இரண்டு தரம் பால் சுறா வாங்கி வருவான். அவள் அந்த மீன் சுண்டலில் பாதியைக் கிண்ணத்தில் போட்டு மஸாஹிராவுக்கு அனுப்புவாள், "தின்னுங்க, ஊறும்" என்று. காலையில் மஸாஹிரா படியடியில் முகம் கழுவும்போது மேல்வீட்டுக் குசினியில் றிஸானா கட்டிய பாலைத் தொட்டிக்குள் பீச்சி விடுகிற சத்தம் கேட்கும். அந்தத் தொட்டித் தண்ணீர் குழாய் வழியாக இவர்கள் வாசலைத் தாண்டித்தான் கழிவுக் கானுக்குப் போகும். இரண்டு பெண்களுக்கும் அது தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மூன்றாம் மாத நிறுவைக்கு மிட்வைப் மிஸ் வீட்டுக்கு வந்தாள். சிங்களப் பெண், நல்ல மனுஷி, தமிழை உடைத்து உடைத்துப் பேசுவாள். அவள் குடையைக் கண்டதும் மஸாஹிரா போத்தலைத் தலையணைக்குக் கீழே தள்ளினாள். போத்தலைக் கண்டால் மிஸ் பேசுவாள் என்று பயம்.

"தாய்ப்பால் மட்டும் தானே அம்மா? தண்ணி கூட இல்ல தானே?"

"ஓ மிஸ். பால் மட்டும்தான்."

மிஸ் தராசைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பிள்ளையின் வளர்ச்சிக் கொப்பியில் புள்ளி வைத்தாள். பச்சையில் ஏறிக்கொண்டிருந்த கோடு வளைந்து கீழே இறங்கியது.

"இது சரி இல்ல அம்மா. பால் குடிக்கிற புள்ள இப்படி இல்ல. நல்லா சாப்பிடணும், நல்லா தூங்கணும், அடிக்கடி குடுக்கணும். யோசிக்க வேணாம், சந்தோஷமா இருக்கணும்."

மஸாஹிரா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். சந்தோஷமாக இருக்க வேண்டுமாம்.

மிஸ் போன பிறகு போத்தலை வெளியே எடுத்தாள். பாதிப் பால் இருந்தது. வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்தபோது அந்தப் பக்கச் சுவர் தெரிந்தது. ஒரு சொட்டுக் கையில் விட்டு நக்கிப் பார்த்தாள்.

"இது என்னது?"

நிஸாம் போத்தலை வாங்கக் கையை நீட்டினான்.

"எத்தின கரண்டி போட்டீங்க?"

"ரெண்டு."

"பெட்டியில நாலுன்னு போட்டீக்கி. ஒங்களுக்கு வாசிக்கத் தெரியாதா?"

"தெரியும். நாலு போட்டா பெட்டி செவ்வாக்கிழமையோட முடிஞ்சிடும். நீங்க வெள்ளிக்கிழமதானே சம்பளம் எடுக்கிய? அந்த மூணு நாளும் புள்ளக்கி வெறும் தண்ணியா குடுக்கிய? அதான் நான் கொறச்ச. ஒரு சொட்டும் நான் குடிக்கல்ல, அல்லாஹ் மேல."

"தண்ணி? கொதிச்ச தண்ணிதானே?"

"காலையில நீங்க பிளாஸ்க்ல ஊத்தி வச்ச தண்ணி. பிளாஸ்க் சூடு நிக்கிதில்ல. பின்னேரமாகிய நேரம் பச்சத் தண்ணி மாதிரி ஆகிடும். இந்தக் காலோட அடுப்படிக்குப் போய் நான் எப்படிக் கொதிக்க வக்கிய? சொல்லுங்க!"

அவளுக்கு அவன் மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. நாள் முழுக்கப் பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு, அது தூங்கினால்தான் தானும் தூங்குகிறவன் அவன். அவனை என்னவென்று பேசுவது? அவள் அடுப்படிக்குப் போய், சும்மா ஒரு கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த கிழமையே வயிற்றால் போகத் தொடங்கியது. ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு தரம். ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து, சேலைன் ஏற்றி, சுகமாக்கி அனுப்பினார்கள். இளம் டொக்டர் பொம்பிளைப் பிள்ளை ஒன்று, பொறுமையாகத்தான் சொன்னது: இந்தப் பிள்ளைக்குப் பால் மா ஒத்துக்கொள்ளவில்லை, குடல் புண்ணாக இருக்கிறது, எப்படியாவது தாய்ப்பால் கொடுக்கப் பாருங்கள், இன்னொரு தரம் இப்படிப் போனால் பிள்ளை தாங்காது. மஸாஹிரா அங்கேயும் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று பின்னேரம் ஷப்ராஸும் றிஸானாவும் படி இறங்கி வந்தார்கள். ஷப்ராஸின் காதில் எப்போதும் போலத் தச்சுப் பென்சில். அடியும் அங்குலமும் பார்த்து விற்கிற மனிதன், வார்த்தையையும் அளந்துதான் பேசுவான்.

"தங்கச்சி, நான் பள்ளிவாசல் ஹஸரத்துட்ட போய் விசாரிச்ச. வயிறு நெறைய, புள்ள தானா வாய எடுக்கிய வரைக்கும் குடிச்சா அது ஒரு தரம். அப்படி அஞ்சு தரம் குடிச்சாத்தான் பால் சகோதரமாம். நாலு வரைக்கும் பிரச்சின இல்ல. அதனால றிஸானா நாலு தரம் குடுக்கட்டும். புள்ள கொஞ்சம் தேறிடும். அதுக்குப் பொறகு பாத்துக்குவம்."

நிஸாம் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மஸாஹிராவும் அல்ஹம்துலில்லாஹ் என்றாள், மனதாரத்தான் சொன்னாள். நாலு என்பது எவ்வளவு என்று அப்போது அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

மேல்வீட்டு மண்டபத்தில், கடைக் கலண்டருக்குக் கீழே, றிஸானா கதிரையில் இருந்து ஸாகியை வாங்கினாள். மஸாஹிராவுக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை, சொல்லவே வெட்கமான ஆசை. இவளிடமும் திரும்பிக்கொள்வான், எல்லாப் பாலும் வேண்டாம் என்பான், என்னை மட்டும் வெறுக்கவில்லை என்று ஆகிவிடும் என்று. ஸாகி திரும்பிக்கொள்ளவில்லை. ஒரு தேடல், ஒரு கவ்வல். தொண்டையில் பால் இறங்குகிற சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. மஸாஹிரா துப்பட்டா முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சந்தோஷமும் வயிற்றெரிச்சலும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்?

பிள்ளை தானாக வாயை எடுத்ததும் ஷப்ராஸ் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கலண்டரில் ஒரு கோடு போட்டான்.

அந்த நாலு கோட்டையும் அவர்கள் பஞ்சத்துக்கு வைத்த அரிசி மாதிரிச் செலவழித்தார்கள். இரண்டு நாளைக்கு ஒரு தரம். இடையில் கஞ்சித் தண்ணீர், மா, ஆஸ்பத்திரி தந்த உப்புத் தூள். பால் குடித்த நாளில் ஸாகி தூங்கினான், ஒரு தரம் வாப்பாவைப் பார்த்துச் சிரித்தான் கூட. குடிக்காத நாளில் வயிறு இளகியது. எட்டாம் நாள் நாலாவது கோடும் விழுந்தது.

பத்தாம் நாள் மறுபடியும் தொடங்கியது. பதினோராம் நாள் காலையில் உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தது. அழுவதற்கும் பிள்ளையிடம் சக்தி இல்லை, வாயை மட்டும் திறந்து மூடினான். மழை விடாமல் தூறியது. மஸாஹிரா மில்லுக்குப் போகவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்" என்றான் நிஸாம்.

"கொண்டு போய்? அவங்க சேலைன் ஏத்துவாங்க, நாலு நாள்ல அனுப்புவாங்க. வந்து என்னத்தக் குடுக்கிய? மறுகாவும் அந்த மாவா? மேல பால் ஈக்கி. தொட்டியில ஓடுது. நான் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டு ஈக்கேன்."

"அஞ்சாவது குடுத்தா எல்லாம் முடிஞ்சிச்சு. மச்சான் சொல்லு மாற மாட்டார். வீடு நுஹாட சீதனம். நுஹாக்கு வேற மாப்பிள வாரதுன்னா நம்ம இஞ்ச என்னத்துக்கு? இந்தக் கால வச்சிக்கொண்டு நான் ஒங்களையும் புள்ளையையும் எங்க கூட்டிக்கொண்டு போக? ரோட்டுக்கா?" அவன் பிள்ளையின் வாயைப் பார்த்தான். "இன்னம் ஒரு நாள் பாப்பம். ஒரே ஒரு நாள்."

"ஒரு நாள் பாத்து, புள்ள மௌத்தானா? சும்மா ஈக்கிய வீட்டுல ரெண்டு பேரும் நல்லா ஈப்பம், என்ன?"

நிஸாம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. அவள் அவனைத் தேற்ற நிற்கவில்லை.

பிள்ளையைத் துப்பட்டாவுக்குள் போட்டுக்கொண்டு ஏழு படியும் ஏறினாள். ஷப்ராஸ் கடைக்குப் போய்விட்டான். றிஸானா நுஹாவைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தாள். நுஹா கொழுகொழுவென்று தண்ணீரில் கை அடித்துச் சிரித்தது. இரண்டு பிள்ளைக்கும் ஒரு மாத வித்தியாசம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

றிஸானா ஸாகியின் முகத்தைப் பார்த்தாள். அவள் சட்டையில் அப்போதே இரண்டு வட்டம் நனையத் தொடங்கியது.

"மதினி..."

"நானாவே குடுத்தேன்னு ஈக்க ஏலா மஸாஹிரா" என்றாள் றிஸானா. "நேத்தே வாரதுக்கு வெளிக்கிட்ட. படிக்கட்டு வரைக்கும் வந்து திரும்பின. நாளைக்கு என்ட மகள் வளந்து, இவனத் தேடினா? என்ட ஆச என்னத்துக்கு உம்மா கெடுத்தீங்கன்னு கேட்டா? நான் அவளுக்கு பதில் சொல்லணும். நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா குடுப்பேன்."

மஸாஹிரா பிள்ளையை அவள் மடியில் வைத்தாள்.

"குடுங்க மதினி. எண்ண வாணாம்."

ஸாகிக்கு இழுக்கத் தெம்பு இல்லை. றிஸானா பாலை விரலால் பீச்சி அவன் உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள். பத்து நிமிடம் கழித்துக் கவ்வினான். அரை மணி நேரம் குடித்தான், தூங்கினான், விழித்து மறுபடியும் குடித்தான். நுஹா பக்கத்தில் பாயில் கிடந்து தன் காலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தது. குடித்து முடித்து அவன் தானாக வாயை எடுத்தபோது றிஸானா எழும்பிப் போய், மேசையில் கிடந்த பேனாவால் கலண்டரில் ஐந்தாவது கோட்டைத் தானே போட்டாள். அவளுக்கு மறைக்கத் தெரியாது. மறைத்து, நாளைக்குச் சகோதரத்துக்குச் சகோதரத்தைக் கட்டிவைக்கிற பாவத்தை யார் சுமப்பது?

பின்னேரம் ஷப்ராஸ் வந்தான், கலண்டரைப் பார்த்தான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் மஸாஹிராவும் நாலு வார்த்தை பேசியிருப்பாள், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அவன் படி இறங்கி வந்து, நிஸாமின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, தூங்குகிற ஸாகியின் தலையைத் தடவினான்.

"இனி இவர் எனக்கும் மகன்தான். றிஸானா குடுக்கட்டும், எவ்வளவும் குடுக்கட்டும். இனி எண்ணத் தேவயில்ல."

நிஸாமின் முகம் மலர்ந்தது. "மச்சான், அப்ப நாங்க..."

"அதையும் ஹஸரத்துட்ட கேட்ட. பால் குடிச்ச புள்ளக்கி சொத்துல பங்கு இல்லயாம். அது மார்க்கம், நான் சொல்லியதில்ல." காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தடவினான். "நான் பொம்புளப் புள்ளயப் பெத்தவன் நிஸாம். அவளுக்கு வெளியில இருந்து மாப்பிள வரணும். அப்ப வீட்ட இப்பவே திருத்தி, மேல ஒரு தட்டும் போட்டு வச்சாத்தான் சரி. ஹஜ்ஜிப் பெருநாள் வரைக்கும் இரிங்க. அதுக்குப் பொறகு ஒரு எடம் பாத்துக்கோங்க. எனக்கு மனசுல கோவம் ஒண்டும் இல்ல."

கோபம் இல்லை என்பது உண்மைதான். அவன் கெட்ட மனிதன் இல்லை. அதுதான் மஸாஹிராவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஐந்து கிழமை றிஸானா பால் கொடுத்தாள். விடியலில் ஒரு தரம், மஸாஹிரா மில்லுக்குப் போன பிறகு நிஸாம் ஊன்றுகோலோடு படியடியில் நின்று கூப்பிட்டால் இறங்கி வந்து மூன்று நாலு தரம், பின்னேரம் ஒரு தரம். ஸாகியின் கன்னம் உப்பியது. கையில் மடிப்பு விழுந்தது. வீட்டை அளக்க மேசன்மார் வந்தார்கள். நாடாப் பிடித்தவன் நிஸாமோடு முன்பு வேலை செய்தவன். நிஸாம் கட்டிலில் இருந்தபடியே சுவரின் நீளத்தைக் கண்மதிப்பாகச் சொன்னான். நாடாவில் அதே கணக்குத்தான் வந்தது.

இடம் கிடைத்தது கம்பளையில். மஸாஹிராவின் சாச்சியுடைய கடைக்குப் பின்னால் ஒரு அறை. பக்கத்தில் மரக்கறிச் சந்தை, விடியலில் வெங்காயம் துப்புரவு செய்கிற வேலை. மிளகாய் இல்லை, அதுவே பெரிய காரியம் என்று கஜலட்சுமி சொன்னாள். போகிற அன்று தன் பங்குக்கு ஒரு புது பிளாஸ்க் வாங்கித் தந்தாள். "சுடுதண்ணி ஆறாம பாத்துக்க புள்ள" என்றாள்.

போவதற்கு முந்திய நாள் கிளினிக். றிஸானாவும் நுஹாவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். நீள வாங்குப் பலகைகளில் முப்பது தாய்மார். மிட்வைப் மிஸ் ஸாகியைத் தராசில் போட்டாள். முள் ஓடி நின்ற இடத்தைப் பார்த்து, நம்பாமல், எடுத்து மறுபடியும் போட்டாள். கொப்பியில் புள்ளி வைத்தபோது கோடு செங்குத்தாக ஏறிப் பச்சைக்குள் புகுந்தது. மிஸ்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொப்பியை உயர்த்தி எல்லாருக்கும் காட்டினாள்.

"இந்த அம்மாவப் பாருங்க! மில்லுக்குப் போறது, வீட்டுல மாத்தயாக்குக் கால் சரியில்ல. ஆனா பால் நிப்பாட்ட இல்ல. வேல இருக்கு, பால் வருது இல்ல, மா வாங்குறதுன்னு சொல்ற அம்மாமார் இந்தக் கோடு பாருங்க. மனசு இருந்தா ஏலும்."

முப்பது பேரும் மஸாஹிராவைத் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் வெட்கத்தோடு, சிலர் எரிச்சலோடு. பின் வாங்கில் ஒரு இளம் பெண், பையிலிருந்து எட்டிப் பார்த்த போத்தலை அவசரமாக உள்ளே தள்ளினாள். மஸாஹிராவுக்கு எழும்பி அந்தப் பெண்ணிடம் போய், இல்லை தங்கச்சி, அப்படி இல்லை என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் எங்கே தொடங்குவது?

"மிஸ்" என்றாள். "நாங்க நாளைக்கு கம்பளைக்குப் போற. அங்கத்த கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதித் தாங்க."

"ஐயோ, போறதா?" மிஸ் கடிதத்தை எழுதிக்கொண்டே கேட்டாள். "பயப்பட வேணாம் அம்மா. எங்க போனா என்ன? வீட்டுச் சாமான் மாதிரி லொறியில ஏத்தத் தேவயில்ல தானே. தாய்ப்பால் தாயோட தானே போறது."

றிஸானா குனிந்து நுஹாவின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினாள். அவள் அபாயாவின் முன்பக்கம் ஈரமாகிக்கொண்டிருந்தது. மஸாஹிரா கடிதத்தை மடித்துக் கொப்பிக்குள் வைத்துப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள். ஸாகிக்குப் பசி நேரம். அவன் அவள் தோளின் மேலாகக் கழுத்தை நீட்டி, றிஸானா இருந்த பக்கமாகத் தலையைத் திருப்பி, வாயைத் திறந்தான்.